கமிகட்சு: குப்பை வண்டி வராத மலையூரில் நான்கு நாள்

நவம்பர் 11, 2024, திங்கள்: தொகுஷிமாவிலிருந்து மேலே

கமிகட்சுவுக்கு ரயில் கிடையாது. ஜப்பானின் ஷிகோகு தீவின் கிழக்குக் கரையிலுள்ள தொகுஷிமா நகரத்திலிருந்து, கட்சுரா ஆற்றை ஒட்டியே தென்மேற்கு மலைகளுக்குள் ஏற வேண்டும். காரில் ஒரு மணி நேரம். பேருந்தில் போவதென்றால் யோகோசே என்ற இடத்தில் இறங்கி, கமிகட்சு ஊராட்சியின் சிறு பேருந்துக்கு மாற வேண்டும். இன்று காலையிலிருந்தே மழை. வழியில் சாலைப் பணி வேறு. முதல் பேருந்து எட்டு நிமிடம் பிந்தியது. இணைப்புப் பேருந்து குறித்த நேரத்துக்குக் கிளம்பிப் போயிருந்தது. அடுத்த பேருந்துக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தத் தடத்தில் ஒன்றைத் தவறவிட்டால் அரை நாள் போச்சு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தொகுஷிமாவில் ஒரு பேருந்து முன்னதாக ஏறிவிடுவதுதான் வழி. தங்கும் விடுதியின் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதி வைத்திருப்பதும் நல்லது, மலை வளைவுகளில் செல்பேசி சிக்னல் அறுந்து அறுந்து வருகிறது.

யோகோசே நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஆளில்லாக் கடை ஒன்று. மரப் பலகையில் மிகான் பைகள், அதாவது தோல் கழன்று வரும் சின்னக் கமலா ஆரஞ்சு. பை 200 யென், நம் கணக்கில் 110 ரூபாய். காசு போட ஒரு தகர டப்பா. மீதி கொடுக்க ஆள் இல்லையென்பதால் 100 யென் நாணயங்கள் கையில் இருக்க வேண்டும். நவம்பரில் கிடைப்பது முன்பருவக் காய், கொஞ்சம் புளிப்பு தூக்கல். இந்தப் பள்ளத்தாக்கு பெயரெடுத்தது கிடங்கு மிகானுக்கு. மண் சுவர் அறையில் மரத் தட்டுகளில் பரப்பி வைத்து, புளிப்பு இறங்கியபின் ஜனவரிக்கு மேல் விற்பார்கள்.

நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருவர், தன் பையிலிருந்து இரண்டு மிகானை எடுத்து நீட்டிவிட்டு, நன்றி சொல்வதற்குள் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார். ஷிகோகுவில் இதற்கு ஒசெத்தாய் என்று பெயர். 88 கோயில் யாத்திரை போகிறவர்களுக்கு வழியில் உள்ளவர்கள் பழமோ தேநீரோ கொடுக்கும் வழக்கம். 20ஆம் கோயிலான காகுரின்ஜி இந்தக் கட்சுரா மலையில்தான் இருக்கிறது. முதுகில் பை தெரிந்தால் யாத்திரிகரா, ஊர் சுற்றுபவரா என்று யாரும் கேட்பதில்லை. கொடுத்ததை மறுக்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வது மரியாதை.

கடைசியில் விடுதிக்காரர்களே கார் அனுப்பினார்கள். வழியெல்லாம் ஒற்றை வண்டிச் சாலை. எதிரே வண்டி வந்தால், அகலமான இடத்துக்கு அருகில் இருப்பவர் பின்னோக்கி எடுக்கிறார், மற்றவர் கடக்கும்போது ஒரு விரல் தூக்கி நன்றி சொல்கிறார். ஒரு முறைகூட ஹாரன் ஒலி கேட்கவில்லை.

ஊர் என்றதும் ஒரு தெருவும் நாலு சந்தும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 110 சதுர கிலோமீட்டர் பரப்பில் 55 குக்கிராமங்கள், கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் முதல் 800 மீட்டர் வரை மலைச்சரிவுகளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1955இல் இரண்டு கிராமங்களை இணைத்துக் கமிகட்சுவை உருவாக்கியபோது 6,000க்கு மேல் இருந்த மக்கள்தொகை, இன்று 1,400 அளவில் நிற்கிறது. அதிலும் பாதிக்கு மேல் 65 வயது தாண்டியவர்கள். பள்ளி விட்டு வந்த இரண்டு பையன்கள் நனைந்துகொண்டே நின்று, முன்பின் தெரியாதவர்களுக்கு உரக்க வணக்கம் சொல்லிவிட்டு ஓடினார்கள். அந்தச் சாலையில் இன்று கண்ணில் பட்ட குழந்தைகள் அவர்கள் இருவர்தான்.

யோகோசேயில் தின்று முடித்த 600 யென் சாப்பாட்டுப் பொட்டலத்தின் குப்பை, பையிலேயே இருக்கிறது. ஜப்பானில் தெருவில் குப்பைத் தொட்டி தேடுவது வீண். வழக்கமாக இரவு விடுதித் தொட்டியில் கொட்டிவிடலாம். இங்கே அதற்கு வழியில்லை, நாளைக்கு அதைப் பிரிக்க வேண்டும்.

நவம்பர் 12, செவ்வாய்: ஹிபிகதானி, 45 பெட்டி

மழை விட்டது. காலை 9 டிகிரி.

கமிகட்சுவில் குப்பை வண்டி ஓடியதே இல்லை. ஹிபிகதானி என்ற பள்ளத்தில் இருக்கும் ஒரே நிலையத்துக்கு வீட்டுக்காரரே கொண்டுவர வேண்டும். காலை 7.30 முதல் மதியம் 2 வரை, புத்தாண்டு விடுமுறை தவிர எல்லா நாளும் திறந்திருக்கும். ஜப்பானின் மற்ற ஊர்களில் தாள் என்றால் இந்தக் கிழமை, பிளாஸ்டிக் என்றால் அந்தக் கிழமை என்று கிழமைக் கணக்கு உண்டு. இங்கே எந்தக் குப்பையையும் எந்த நாளும் கொண்டுவரலாம். கார் ஓட்ட முடியாத முதியவர்கள் பதிவு செய்துகொண்டால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊராட்சி வந்து எடுத்துப் போகிறது. இரண்டு மாதம் குப்பையை வீட்டில் வைத்தால் நாறாதா என்ற கேள்வி வரும். நாறுவது சமையலறைக் கழிவு மட்டும்தான், அது இங்கே வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. 1991இல் மட்குத் தொட்டிக்கும், 1995இல் மின்சார மட்குப் பெட்டிக்கும் ஊராட்சி மானியம் கொடுத்தது. மின்பெட்டிக்குக் குடும்பம் 10,000 யென் போட்டால் போதும், மீதி ஊராட்சி. மற்ற குப்பையை 45 வகையாகப் பிரித்துப் போடும் பெட்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்த ஆதாரத்தை விட்டுவிடுகிறார்கள். ஈரக் கழிவு கலக்காததால்தான் மற்ற 45ம் கையால் தொடக்கூடியதாக இருக்கின்றன.

இந்தப் பழக்கம் சுத்த சுபாவத்தால் வந்ததாக நினைக்க வேண்டாம். 1990கள் வரை இதே பள்ளத்தில் குழி வெட்டி எல்லாவற்றையும் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். 1998இல் இரண்டு சிறிய எரியுலைகள் வைத்தார்கள். அடுத்த ஆண்டே டயாக்சின் நச்சுக்கு எதிரான கடுமையான சட்டம் வந்தது. அந்த உலைகள் அளவுக்குள் நிற்கவில்லை. 2001 தொடக்கத்தில் இரண்டையும் மூடினார்கள். சட்டத்துக்குப் பொருந்தும் புதிய உலை கட்ட இவ்வளவு சின்ன ஊருக்கு வசதி ஏது? எரிக்க முடியாததை வெளியே விற்க வேண்டும், வாங்குபவன் கலப்படத்தை வாங்கமாட்டான், ஆகவே பிரிக்க வேண்டும். 1998இல் 22 வகையாக இருந்தது 2001இல் 35 ஆனது. 2003 செப்டம்பரில், 2020க்குள் எரிப்பதும் புதைப்பதும் இல்லாத ஊராக ஆவோம் என்று அறிவித்தது கமிகட்சு. ஜப்பானில் அப்படி அறிவித்த முதல் ஊர். பின்னர் அது 13 இனம், 45 வகை என்றானது.

நிலையத்தில் ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் ஒரு பலகை. என்ன போடலாம் என்ற படம், இங்கிருந்து எந்த ஊருக்குப் போகிறது, அங்கே என்னவாக மாறுகிறது, கடைசியாக ஒரு கிலோவுக்கு எத்தனை யென் என்ற எண். அந்த எண்ணுக்கு முன்னால் வரவா செலவா என்று குறி. அலுமினிய பான டப்பாவுக்கு வரவு, செய்தித்தாளுக்கு வரவு. ஒளிக்குழலுக்கும் எரிக்கப் போகும் பொருளுக்கும் செலவு. படிப்பு குறைந்த எண்பது வயதுக்காரருக்கும் இது புரியும். குப்பையைத் தப்பான பெட்டியில் போட்டால் ஊர்ப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்பது கண்ணெதிரே எழுதியிருக்கிறது. இந்த நிலையத்தில் எத்தனையோ கட்டட அழகு இருந்தும், பார்க்க வேண்டியது இந்தப் பலகைகளைத்தான்.

இனி நேற்றைய சாப்பாட்டுப் பொட்டலம். அதைப் பிரித்தால்:

சுற்றியிருந்த மெல்லிய படலம், மூடி, தட்டு, மீன் வடிவச் சோயா சாஸ் குப்பி, குச்சியின் உறை, ஐந்திலும் பிளாஸ்டிக் பொதியுறைக்கான சதுரக் குறி உண்டு. அந்தக் குறி இருந்தால் பொதியுறை மறுசுழற்சிச் சட்டத்தின் கீழ் போகும். ஆனால் கழுவிக் காய வைத்திருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு நின்றால் ‘சுத்தமான பிளாஸ்டிக்’ பெட்டியில் சேராது. குறி இல்லாத பிளாஸ்டிக், உதாரணமாகப் பல் துலக்கி, பொம்மை, வேறு பெட்டி. குச்சிகள் தனி, கழுவி உலர்த்தியபின். பொரியலுக்கு அடியில் இருந்த அலுமினியக் கிண்ணம் உலோகத்தில். கடை ரசீது தாளோடு போகக்கூடாது. அது வெப்பத் தாள், கூழில் கலந்தால் புதுத் தாளில் புள்ளி புள்ளியாகக் கறுப்பு விழும். தேநீர்ப் புட்டி மூன்று துண்டு: உடல் பெட் புட்டியில், மூடி மூடிகளில், சுற்றியிருந்த சீட்டு பிளாஸ்டிக்கில். ரப்பர் பேண்டை யாரும் போடுவதில்லை, வாசலில் கொக்கியில் மாட்டி வைத்தால் யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு வேளைச் சாப்பாடு, ஆறு பெட்டி.

புதிதாக வருபவர்கள் தடுக்குவது பெரும்பாலும் சில இடங்களில்தான். பால் பெட்டியை மடித்து அப்படியே போடுவது: அலசி, வெட்டி விரித்து, உலர்த்த வேண்டும், உள்பக்கம் வெள்ளையாக இருப்பதும் வெள்ளியாக மின்னுவதும் வெவ்வேறு பெட்டி, ஏனென்றால் மின்னுவதில் அலுமினியப் படலம் ஒட்டியிருக்கிறது. செய்தித்தாளைப் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டுவது: காகிதக் கயிறுதான் வேண்டும், கட்டோடு கூழுக்குப் போகும். கண்ணாடிப் புட்டியில் உலோக மூடியை விட்டுவைப்பது. நிறமற்றது, பழுப்பு, மற்ற நிறம் என்று கண்ணாடி மூன்றாகப் போகும். திரும்ப நிரப்பக்கூடிய பீர், சாக்கே புட்டிகள் உடைபடாமல் தனியே போகும். முகம் பார்க்கும் கண்ணாடி இவை எதிலும் சேராது, பின்னால் பூச்சு இருப்பதால் அதற்கென்று இடம்.

தப்பாகப் போட்டால் யாராவது திட்டுவார்களா? ஒரு பெரியவர், பக்கத்தில் நின்றவர் பழுப்புப் புட்டிகளுக்குள் பச்சைப் புட்டியைப் போட்டதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் குனிந்து எடுத்து அடுத்த பெட்டியில் வைத்தார். பிறகு இருவரும் மழை மறுபடி எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சந்தேகம் கேட்டால் பணியாளர் பொருளைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார். இது பலருக்கு ஊர்க்கதை பேசும் இடமும்கூட.

2020 மே மாதம் திறந்த புதுக் கட்டடத்தை ஹிரோஷி நகாமுரா வடிவமைத்தார். மேலிருந்து பார்த்தால் கேள்விக்குறி வடிவம். முகப்பில் ஊர்க்காரர்கள் கழற்றிக் கொடுத்த 700 பழைய சன்னல்கள், ஒன்றின் அளவு இன்னொன்றுக்கு இல்லை. கேள்விக்குறியின் புள்ளியாக நிற்கும் வட்டக் கட்டடம் நான்கு அறை கொண்ட தங்கும் விடுதி. வரவேற்பில் சோப்புக் கட்டியிலிருந்து தங்கும் நாளுக்கு வேண்டிய அளவை நாமே வெட்டி எடுக்க வேண்டும், காப்பிக் கொட்டையையும் குடிக்கும் அளவுக்கே. பல் துலக்கி, இரவு உடை கொடுப்பதில்லை. அறையில் ஆறு பகுப்புக் குப்பைக் கூடை இருக்கும். கிளம்பும்போது அதை 45ஆக நாமே பிரித்துவிட்டுப் போக வேண்டும்.

மதியம் ஆற்றோரக் கடையில் தட்டுச் சாப்பாடு, 1,200 யென், 650 ரூபாய் பக்கம். சோறு தனியே வரவில்லை. காய்கறியும் இனிப்பாக வெந்த காராமணி நிறத்துக் கின்தோகி பயறும் கலந்த புளிச்சோறு. வினிகருக்குப் பதில் யுகோ சாறு. யுகோ இந்த மலையின் எலுமிச்சை, யுசுவும் தைதாய் நாரத்தையும் தானே கலந்து பிறந்தது. புளிப்பு மெதுவாக வந்து, வாசனை கடைசியில் நிற்கிறது. உப்பு தடவிச் சுட்ட ஆற்று மீன் ஒன்று, தடித்த ஷீதாகே காளான். சைவர்கள் கவனிக்க வேண்டியது: காய்கறிக் குழம்பு, மிசோ சூப் எல்லாவற்றுக்கும் தாஷி என்ற அடிச்சாறு உலர் மீனில் இறக்கியதுதான். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் அது நிற்காது. மீன் தாஷியும் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். கடைசி நேரத்தில் சொன்னால் வெறும் சோறும் ஊறுகாயும்தான், அதையும் மிகுந்த மன்னிப்போடு கொண்டுவந்து வைப்பார்கள்.

நவம்பர் 13, புதன்: இலை

மறுபடி மழை, கூடவே பள்ளத்தாக்குக் காற்று. தொகுஷிமாவில் 700 யென்னுக்கு வாங்கிய ஒளிபுகும் பிளாஸ்டிக் குடை முதல் வளைவிலேயே உள்ளே வெளியாகத் திரும்பி, இரண்டு கம்பி ஒடிந்தது. அதையும் பிரிக்க வேண்டும்.

கமிகட்சு முதலில் மிகான் ஊராகத்தான் இருந்தது. 1981 பிப்ரவரியில் விழுந்த கடுங்குளிர் மிகான் மரங்களை ஒட்டுமொத்தமாகக் கருக்கிவிட்டது. அப்போது வேளாண் கூட்டுறவில் ஆலோசகராக இருந்த இளைஞர் தோமோஜி யோகோயிஷி, 1986இல் ஒசாகாவின் சுஷிக் கடையொன்றில், தட்டில் அலங்காரத்துக்கு வைத்த மேப்பிள் இலையைப் பெண்கள் ஆசையாகக் கைக்குட்டையில் எடுத்து வைத்துக்கொள்வதைப் பார்த்தார். இந்த இலை நம் மலையில் எவ்வளவு வேண்டுமானாலும் கிடக்கிறதே என்று தோன்றியது. ஊரில் சொன்னபோது ஏற்பு இல்லை. இலை காசாவது நரியும் தானுகி என்ற காட்டு விலங்கும் வேஷம் கட்டும் கதையில்தான் என்றார்கள். நான்கு விவசாயிகளோடு தொடங்கினார்கள்.

முதலில் அனுப்பிய இலைகள் விலைபோகவில்லை. காரணம் எளிது: பறித்தவர்களுக்கு அது எந்தத் தட்டில், எந்த உணவுக்குப் பக்கத்தில் போகிறது என்று தெரியாது. யோகோயிஷி சொந்தச் சம்பளத்தில் விலையுயர்ந்த பாரம்பரிய உணவகங்களில் போய் உட்கார்ந்து, எந்த அளவு இலை, எந்த நிறம், எந்த மாதம் என்று கண்டுவந்தார். உணவகம் பருவத்துக்கு முன்னாலேயே பருவத்தைக் கேட்கும். வெளியே பனி பெய்யும்போது தட்டில் பிளம் மொட்டு விரிய வேண்டும், வெயிலில் பச்சை மேப்பிள் குளிர்ச்சி காட்ட வேண்டும். இலை கொட்டும் மாதத்தில் சிவப்பு இலை ஊரெல்லாம் கிடைக்கும், அப்போது விலை இல்லை.

இன்று பார்த்த கொட்டகையில் வேலை இப்படி நடந்தது. முதலில் கிளையோடு வெட்டி நீரில் வைக்கிறார்கள். தனி இலையாகப் பறித்துப் போட்டால் ஓரம் சுருளும். ஒவ்வொரு இலையையும் ஒளிக்கு எதிரே பிடித்துப் பூச்சித் துளை, புள்ளி, கிழிசல் பார்க்கிறார்கள். பிறகு அளவு: அட்டையில் வரைந்த கோட்டுக்குள் வைத்துச் சிறியது, நடுத்தரம், பெரியது. ஒரே தட்டில் காம்பெல்லாம் ஒரே பக்கம், நுனியெல்லாம் ஒரே பக்கம். மேப்பிளில் சின்ன இலைக்கே மதிப்பு. பச்சை மீன் துண்டின் அருகே வைக்கப் பெரிய இலை உதவாது. நந்தென் செடியின் இலை, ‘துன்பம் திரும்பிப் போகும்’ என்று அதன் பெயரை வேறு எழுத்தில் எழுதலாம் என்பதால், மங்கல விருந்துக்குப் போகிறது. மழை நாளில் பறித்தால் ஈரத்தோடு பொதியக் கூடாது, பயணத்தில் கறுத்துவிடும். துணியால் ஒற்றி, விசிறியின் முன் வைத்துக் காய வைக்கிறார்கள். இன்றைய தாமதம் முழுக்க அதனால்தான். மதியத்துக்குள் கூட்டுறவுக் கிடங்கில் சேர்த்தால், அங்கிருந்து பெருநகரச் சந்தைகளுக்குப் போய்விடும்.

எந்த இலை இன்று எவ்வளவு வேண்டும் என்ற செய்தி முதலில் பேரிடர் எச்சரிக்கைக்காக வைத்த ஊர் வானொலி வழியே தொலைநகலில் வந்தது. 1999இல் இரோடோரி என்ற நிறுவனம் அமைத்துக் கணினி கொடுத்தார்கள். சுட்டெலியை நகர்த்தத் தெரியாதவர்களுக்காக உருளைப் பந்து வைத்த பெரிய கருவி. திரையில் சந்தை விலை தெரியும், தன் விற்பனை ஊரில் எத்தனையாவது இடம் என்பதும் தெரியும்; அடுத்தவர் எத்தனையாவது என்பது தெரியாது. இந்த ஒரு ஏற்பாடுதான் எண்பது வயதுப் பாட்டியையும் காலையில் திரைக்கு முன் உட்கார வைக்கிறது. 300க்கு மேற்பட்ட இலை, பூ, கிளை வகைகள் விற்கின்றன. உச்சத்தில் ஆண்டு விற்பனை 26 கோடி யென்னைத் தொட்டது. இலைக்கு எடை இல்லை. முதுகு வளைந்தவரும் சுமக்கலாம். மிகான் பெட்டியோடு ஒப்பிட்டால் அதன் அருமை விளங்கும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: தோட்டத்துக்குள் கேட்காமல் நுழைவது பெருந்தவறு. சாலையோரத்தில் காட்டு மரம்போல் நிற்கும் மேப்பிள் ஒரு வீட்டின் வருமானம். ஒரு இலை கிள்ளினால் ஒரு தட்டுக் கணக்கில் ஒன்று குறையும்.

கொட்டகையில் கொடுத்த தேநீர் அவா பஞ்சா. பொன்னிறம், லேசாகப் புளிக்கும், கசப்பு கிடையாது. கோடை நடுவில், இலை முற்றித் தடித்தபின், செடியில் ஒன்று விடாமல் உருவி, பெரிய கொப்பரையில் வேகவைத்து, தேய்த்து, மரப்பீப்பாயில் காற்றுப் போகாமல் மிதித்து அடைக்கிறார்கள். வேகவைத்த தண்ணீரையே மேலே ஊற்றி, மேற்பரப்பை வாழையின் குளிர்தேச உறவான பாஷோ இலையால் மூடி, பலகை வைத்து, கனத்த கற்களை ஏற்றுகிறார்கள். இரண்டு வாரத்துக்குக் குறையாமல் பாலமிலப் பாக்டீரியாவில் புளிக்கும். பிறகு வெயிலில் பாயில் ஒன்றிரண்டு நாள். கெடுவது பெரும்பாலும் கடைசிப் படியில்தான்: பீப்பாயைத் திறந்த நாளில் மழை வந்தால் உலராத இலையில் பூசணம் பிடிக்கும். அதனால் வானிலை பார்த்துத்தான் திறக்கிறார்கள், புளிப்பு பார்த்து அல்ல. இந்தச் செய்முறையை 2021இல் நாட்டின் முக்கிய நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தார்கள். வீட்டில் போட ஒரு லிட்டர் கொதிநீருக்கு ஒரு கைப்பிடி இலை, ஐந்து நிமிடம். காஃபின் குறைவு என்பதால் இங்கே குழந்தைக்கும் கொடுக்கிறார்கள். பால், சர்க்கரை சேராது.

நவம்பர் 14, வியாழன்: காஷிஹாரா, பிறகு குடை

வானம் வெளுத்தது. காஷிஹாரா படிக்கட்டு வயல்கள் 500 மீட்டருக்கு மேலே. அறுவடை முடிந்து தாள்கட்டைகள் மட்டும். 1813இல் வரைந்த ஊர்ப் படம் ஒன்று இருக்கிறது. வயல், வீடு, பாதை பெரும்பாலும் அதில் உள்ளபடியே இன்றும் கிடக்கின்றன. 2010இல் நாட்டின் முக்கியப் பண்பாட்டு நிலக்காட்சியாகத் தேர்ந்தெடுத்தார்கள். கல் அடுக்கில் காரை கிடையாது. பெருமழையில் ஒரு கல் தள்ளினால் உடனே சரிசெய்ய வேண்டும், விட்டால் அடுத்த மழையில் மேல் வயல் கீழ் வயலில் விழும். சுற்றிலும் காட்டுப்பன்றிக்கு வேலி. நடப்பவர்கள் திறந்த கதவைத் திரும்பக் கொக்கி போட்டு மூட வேண்டும்.

வயல்களுக்கு மேலே உடனே இருட்டுகிறது. போருக்குப் பின் நாடு முழுக்க நட்ட சுகி என்ற ஊசியிலை மரம். 1964இல் இறக்குமதி மரத்துக்குக் கதவு திறந்தபின் விலை இறங்கி, வெட்ட ஆளில்லாமல் நெருக்கமாக நின்றுவிட்டது. அடியில் புல் முளைக்க வெளிச்சம் இல்லை. ஊர்ப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றே குறைவாகக் காடு, அதில் பெரும்பகுதி இப்படிப்பட்டது. நிலையத்தின் தூண்களை அறுத்துச் சதுரமாக்காமல் மரத்தைப் பிளந்து அப்படியே நிறுத்தியதற்கும் இதுதான் காரணம். சீவலில் போகும் மரமும் மிஞ்சுகிறது.

இறங்கும் வழியில் 2015இல் திறந்த பீர் வடிப்பகம். சன்னல்கள் கைவிட்ட வீடுகளிலிருந்து, தொங்குவிளக்கு காலிப் புட்டிகளால் ஆனது. சாறு பிழிந்தபின் மிஞ்சும் யுகோ தோலைப் பீரில் போடுகிறார்கள். பருப்பு வகைகளை எடைக்கு விற்கிறார்கள், பாத்திரம் நாம் கொண்டுபோக வேண்டும்.

கிளம்புமுன் மறுபடி ஹிபிகதானி. நிலையத்தின் குருகுரு கடையில் ஊர்க்காரர்கள் விட்டுப்போன தட்டு, கோப்பை, துணி, பொம்மை. ஊர்க்காரர்தான் கொண்டுவந்து வைக்கலாம், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். எடுப்பவர் செய்ய வேண்டியது ஒன்றே: தராசில் வைத்து எடையைக் குறிப்பேட்டில் எழுதுவது. ஒரு தேநீர்க் கிண்ணம், 140 கிராம்.

மறுசுழற்சி விகிதம் 80 சதவீதத்தைத் தொட்டது. 2020இல் நூறு ஆகவில்லை. மீதம் எதில் நிற்கிறது என்பதைக் கடைசி இரண்டு பெட்டிகளின் பெயரே சொல்கிறது: ‘எப்படியும் எரித்தே ஆக வேண்டியவை’, ‘எப்படியும் புதைத்தே ஆக வேண்டியவை’. நாப்பி, சானிட்டரி பேட், ரப்பர், தோல், பிவிசி, ஒன்றோடொன்று ஒட்டி வார்த்த பொருள்கள். குழந்தை பிறந்த வீட்டுக்குத் துணி நாப்பி கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் செருப்பின் அடியை மேல்தோலோடு எப்படி ஒட்டுவது என்பதை முடிவு செய்வது இந்த ஊர் இல்லை. 2020 டிசம்பரில், 2030ஐ நோக்கிப் புது அறிவிப்பு செய்திருக்கிறார்கள்.

ஒடிந்த குடையைப் பிரிக்கப் பணியாளர் இடுக்கி எடுத்து வந்தார். முதலில் நுனி மூடிகளை விரலால் இழுத்துக் கழற்ற வேண்டும், எட்டும் பிளாஸ்டிக். அப்புறம் உச்சியில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிலும் வெட்டினால் பாவாடைபோல் மொத்தமாக உரிந்து வருகிறது. கம்பிகளை மடக்கி ஒடித்தால் உலோகம். நடுத்தண்டும் உலோகம். கைப்பிடிதான் வரவில்லை. தண்டின் மேல் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்திருக்கிறார்கள். இடுக்கியால் திருகினார், சுத்தியலால் தட்டினார், கொதிநீரில் வைத்துப் பார்த்தார். பத்து நிமிடம் கழித்து வாளால் தண்டை அறுத்து, கைப்பிடியையும் அதற்குள் மாட்டிய ஒரு விரற்கடை இரும்பையும் எரிக்கும் பெட்டிக்குக் கொண்டுபோனார். போடுமுன் தராசில் வைத்தார். 60 கிராம்.